வளவில் ஒரு ரோசா
ஆண்டெல்லாம் பூக்கும் செடியை வீட்டுத் தோட்டத்தில் வளர்ப்போம்

வீட்டுத் தோட்டம் பற்றிய ஒரு கூட்டம். இடம்பெயர்ந்து வந்து உறவினர் வளவுகளிலும் பிறர் காணிகளிலும் இருக்கும் குடும்பங்கள் வந்திருந்தன. கத்தரி, மிளகாய், பயற்றை, கீரை என்று பேச்சு ஓடியது. கூட்டம் முடியும் தறுவாயில் பின்வரிசையில் இருந்த ஒரு தாய் எழுந்து, "ஐயா, ரோசாத் தடி எங்கை எடுக்கலாம்?" என்று கேட்டார்.

சிலர் சிரித்தார்கள். "சோத்துக்கே வழியைக் காணேல்லை, உவவுக்கு ரோசாவாம்" என்றார் ஒருவர்.

அந்தத் தாய் உட்காரவில்லை. "எங்கடை வளவிலை கிணத்தடியிலை ஒண்டு நிண்டது. மாமி வைச்ச மரம். தொண்ணூறிலை எழும்பேக்கை விட்டிட்டு வந்தனாங்கள். அதுதான் கேட்டனான்" என்றார். அதன் பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை.

அன்று அவருக்குச் சொன்ன பதிலையே சற்று விரித்து இங்கே எழுதுகிறோம்.

சோறா, பூவா?

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுவோம். ஒரு குடும்பத்துக்குக் கால் பரப்பு நிலந்தான் இருக்கிறதென்றால் முதலில் நடவேண்டியது ரோசா அல்ல. முருங்கைக் கதியால் ஒன்று, நாலு பாத்திக் கீரை, பத்துக் கத்தரி, பத்து மிளகாய், வேலியில் ஒரு பயற்றங்கொடி. பிள்ளைகளின் கோப்பைக்குப் போகிறவை இவை. ரோசாவுக்கு அதற்குப் பிறகுதான் இடம்.

ஆனால் ரோசாவுக்குப் பெரிய இடம் வேண்டியதில்லை. ஒரு செடிக்கு ஒரு பாய் விரிக்கும் அளவு நிலம் தாராளம். பழைய உரப்பை ஒன்று இருந்தால் நிலமே தேவையில்லை. ஒருமுறை வேர்பிடித்த செடி நன்கு பராமரித்தால் பத்து ஆண்டுக்கு மேலும் நிற்கும். நட்ட செலவு ஒரு தடி, அரை வாளி எரு, கொஞ்சம் பொறுமை. பூவுக்குக் கோயிலிலும் தேவாலயத்திலும் சந்தையிலும் எப்போதும் தேவை உண்டு. எல்லாவற்றிலும் மேலாக, விட்டு வந்த வளவின் நினைவு ஒன்றைக் கண்முன்னே நிறுத்தி வைப்பது வீண்வேலை அல்ல.

எந்த ரோசா?

மலைநாட்டில் இருந்து வரும் ஒட்டு ரோசாச் செடிகளைச் சந்தையில் பெரிய பூவோடு பார்த்து ஆசைப்பட்டு வாங்குகிறோம். வீட்டுக்கு வந்து இரண்டு பூ பூக்கும். பங்குனி வெயிலோடு கருகிவிடும். சில வேளை மேலே ஒட்டிய நல்ல இனம் செத்துப்போய், அடியில் இருந்து காட்டு ரோசா எழும்பும். வீட்டுக்காரர் அதை நல்ல தளிர் என்று எண்ணித் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பார், பூவைக் காணமாட்டார்.

எங்களுக்கு ஏற்றது, பழைய வளவுகளில் புதராக நிற்கும் இளஞ்சிவப்பு மணரோசா. பூ நடுத்தர அளவு, இதழ் நிறைய, நல்ல வாசனை, தண்டில் முள் உண்டு. நாலைந்து அடி உயரத்துக்குப் புதராக எழும்பும். இது தன் சொந்த வேரிலேயே நிற்பதால் மேலே கருகினாலும் அடியில் இருந்து அதே இனமே மறுபடி துளிர்க்கும். இடம்பெயர்ந்தவர்களுக்கு இது பெரிய வசதி. ஒரு மாதம் கவனிக்க ஆளில்லாமல் போனாலும் செடி முழுவதும் அழிந்துவிடாது.

இப்படிப்பட்ட ரோசாக்களைப் பன்னீர் ரோசா என்றும் நாட்டு ரோசா என்றும் பலவாறு சொல்வார்கள். பெயரைப் பார்த்து எடுக்க வேண்டாம். ஓர் ஆண்டில் பல தடவை பூத்ததை நீங்களே கண்ட செடியில் இருந்து தடி எடுங்கள். அதுவே நம்பகமான அடையாளம்.

வேலியில் பிறந்த பூ

இந்த வகை ரோசாவுக்கு ஒரு கதை உண்டு. எங்கள் இந்து சமுத்திரத்திலேயே, மொறீசியசுக்கு அருகில், றீயூனியன் என்ற தீவு இருக்கிறது. பிரெஞ்சுக்காரர் அதை முன்பு பூர்போன் தீவு என்று அழைத்தார்கள். அங்கே குடியேறியவர்கள் வயலுக்கும் வளவுக்கும் ரோசாவை வேலியாக நட்டார்கள். மேற்கிலிருந்து வந்த மணமிக்க டமாஸ்கஸ் ரோசா ஒன்று. கிழக்கே சீனாவில் இருந்து வந்த ரோசா மற்றொன்று. இரண்டும் அந்த மண்ணுக்கு உரியவை அல்ல. வேலியில் பக்கத்துப் பக்கத்தே நின்ற இரண்டும் கலந்து, யாரும் விதைக்காத ஒரு புதுச்செடி முளைத்தது. 1817 அளவில் பிரெஞ்சுத் தாவரவியலாளர் பிரேயோன் அதைக் கவனித்தார். சில ஆண்டுகளில் விதை பிரான்சுக்குப் போய், பூர்போன் ரோசா என்ற பெயரில் உலகெங்கும் பரவியது. தீவில் அதன் பெயர் எடுவார் ரோசா. தமிழ்நாட்டில் மாலைக்காகப் பயிராகும் எட்வர்ட் ரோசாவும் இந்தக் குடும்பத்ததே.

தாயும் தகப்பனும் வேறு வேறு ஊர். பிறந்தது மூன்றாவது ஊரில், வேலி ஓரத்தில். மணம் டமாஸ்கஸ் ரோசாவின் கொடை. விட்டு விட்டு ஆண்டெல்லாம் பூக்கும் இயல்பு சிறப்பாகச் சீன ரோசாவின் கொடை.

ஏன் இது மறுபடி மறுபடி பூக்கிறது?

குளிர்நாடுகளின் பழைய ரோசாக்கள் பெரும்பாலும் ஆண்டுக்கு ஒருமுறைதான் பூக்கும். போன ஆண்டுத் தண்டில் இந்த ஆண்டு பூக்கும், அதோடு சரி. சீன ரோசா அப்படியல்ல. பூப்பதைத் தடுத்து வைக்கும் ஒரு பரம்பரை அலகு அதில் பழுதுபட்டிருப்பதே காரணம் என்று 2012 இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. தடுப்பு இல்லாததால், விடும் ஒவ்வொரு புதுத் தளிரின் நுனியிலும் மொட்டு வைக்கிறது.

விவசாயி இதில் இருந்து பிடித்துக்கொள்ள வேண்டியது ஒன்றே: புதுத் தளிர் வந்தால் பூ வரும், தளிர் வராவிட்டால் பூ இல்லை. ஆகவே தளிரை வரவைப்பதே எங்கள் வேலை. புகையிலைக்கும் கத்தரிக்கும் நுனி கிள்ளிப் பழகிய கைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

தடி நடும் முறை

கிளுவையும் முள்முருக்கும் கதியாலாக நட்ட எங்களுக்கு ரோசாத் தடி புதிதல்ல. ஆனால் கதியாலைப் போல முரட்டுத்தனமாக ஊன்றினால் பிடிக்காது.

1. காலம்: ஐப்பசி மழை தொடங்கி மண் குளிர்ந்த பின், தை மாதம் வரை. சோளகக் காற்றுக் காலத்தில் நட்டால் தடி காய்ந்துவிடும்.

2. தெரிவு: அண்மையில் பூத்து முடிந்த தண்டு. பென்சில் தடிப்பு. பச்சைக் குருத்தும் வேண்டாம், மரமாய் முற்றியதும் வேண்டாம். முள்ளைப் பக்கமாகத் தள்ளினால் 'டக்' என்று உடைய வேண்டும். அதுவே சரியான பருவம்.

3. வெட்டு: 6 முதல் 8 அங்குல நீளம், மூன்று நாலு கணு இருக்க வேண்டும். அடிப்பக்கம் கணுவுக்குச் சற்றுக் கீழே சரிவாகவும், மேற்பக்கம் கணுவுக்குக் கால் அங்குலம் மேலேயும் வெட்டவும். கத்தி கூராக இருக்கட்டும். நசுங்கிய தடி அழுகும்.

4. இலை: நுனியில் ஓர் இலையை மாத்திரம் விட்டு மற்றவற்றை நீக்கவும்.

5. ஊன்றல்: மூன்று பங்கு ஆற்று மணலும் ஒரு பங்கு மக்கிய எருவும் கலந்து சிறு பொலித்தீன் பையில் நிரப்பவும். குச்சியால் துளையிட்டு இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி வைத்து, சுற்றி விரலால் அழுத்தவும். தலைகீழாக ஊன்றிவிடாதீர்கள், முள்ளின் வளைவு கீழ்நோக்கி இருக்க வேண்டும்.

6. மூடி: பெரிய சோடாப் போத்தலின் அடியை வெட்டிவிட்டு, மூடியில்லாமல் தடியின் மேல் கவிழ்க்கவும். ஈரம் நிற்கும். நேர் வெயில் படாத நிழலில் வைக்கவும்.

நாலு முதல் ஆறு கிழமையில் வேர் பிடிக்கும். தளிர் கண்டதும் வேர் வந்துவிட்டது என்று நம்பி இழுத்துப் பார்ப்பவர்கள் உண்டு. தடியில் இருக்கும் சத்திலேயே முதல் தளிர் வரும். இழுத்தால் இளவேர் அறும். பையின் அடித்துளையில் வெள்ளை வேர் தெரியும் வரை கை வைக்க வேண்டாம். பத்துத் தடி ஊன்றினால் பாதி தப்பினாலே நல்ல காரியம். ஆகவே ஒன்று வேண்டுமானால் ஐந்து ஊன்றுங்கள்.

நிலத்திலா, பையிலா?

சொந்தக் காணியில் இருப்பவர்கள் நிலத்தில் நடலாம். ஒன்றரை அடி நீளம், அகலம், ஆழத்தில் குழி. கிண்டிய மேல்மண்ணோடு ஒரு வாளி நன்கு மக்கிய எருவைக் கலந்து குழியை நிரப்பி, ஒரு கிழமை ஆறவிட்டு நடவும். செடிக்குச் செடி மூன்று அடி. குறைந்தது ஆறு மணித்தியால வெயில் வேண்டும்; காலை வெயில் நல்லது, சித்திரை மாதப் பின்னேர வெயிலுக்குச் சற்று நிழல் இருந்தால் இன்னும் நல்லது. தென்னை அடியிலும் உயிர்வேலிக்கு ஒட்டியும் வேண்டாம். அவற்றின் வேர் சத்தையெல்லாம் குடித்துவிடும்.

மீள்குடியேறியவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கண்ணிவெடி அகற்றி முறைப்படி ஒப்படைத்த இடத்தில் மாத்திரம் குழி கிண்டுங்கள். சிவப்புப் பலகை கண்ட இடத்திலும், பற்றைபிடித்துக் கிடக்கும் அயற் காணியிலும் ரோசா வெட்டவோ மண் எடுக்கவோ போக வேண்டாம். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல் கிராம அலுவலரிடம் அல்லது பொலிசாரிடம் சொல்லுங்கள்.

பிறர் காணியில் இருப்பவர்களுக்குப் பை உகந்தது. பெரிய உரப்பையை நன்கு கழுவி, வாயைப் பாதிவரை சுருட்டி, அடியில் ஆறேழு துளையிட்டு, ஒன்றேகால் அடி உயரத்துக்கு மண் நிரப்பவும். மேல்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு. கடற்கரை மணற் பிரதேசமானால் மணலை விட்டுவிட்டு எருவை இரட்டிப்பாக்கவும். வெயிலில் உரப்பை ஓராண்டு இரண்டாண்டில் உக்கிவிடும். அப்போது மண்கட்டி உடையாமல் புதுப்பைக்கு மாற்றவும். இரண்டு கல்லின் மேல் தூக்கி வைத்தால் தண்ணீரும் வடியும், கறையானும் ஏறாது.

தண்ணீரும் எருவும்

தண்ணீரை அடியில் ஊற்றவும், இலையில் அல்ல. காலையில் ஊற்றவும், மாலையில் நனைந்த இலை இரவெல்லாம் ஈரமாய் நின்று நோயை வரவழைக்கும். பைச் செடிக்குக் கோடையில் நாளுக்கு ஒருமுறை. நிலத்தில் நிற்பதற்கு இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை அரை வாளி. சந்தேகமானால் விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஒரு விரல் ஆழத்தில் ஈரம் இருந்தால் ஊற்ற வேண்டாம்.

சவர் நீர் ரோசாவுக்கு ஆகாது. இலை ஓரம் கருகும். அரிசி கழுவிய நீர், மரக்கறி கழுவிய நீர், மாரியில் சேர்த்த மழைநீர் நல்லவை. சவர்க்கார நீரும் உப்புப் போட்டு அவித்த நீரும் வேண்டாம்.

யாழ்ப்பாணத்தின் சுண்ணாம்புக்கல் நிலத்தில் இன்னொரு தொல்லை உண்டு. இளம் இலை மஞ்சளாகி நரம்பு மாத்திரம் பச்சையாய் நிற்கும். மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் சுண்ணாம்பு மிகுதியால் செடிக்குக் கிடைக்காததே காரணம். அங்கே சாம்பலும் முட்டைக்கோதும் போடாதீர்கள். அவை காரத்தை இன்னும் கூட்டும். மக்கிய கூட்டெருவே மருந்து.

மாதம் ஒருமுறை செடிக்கு இரண்டு கையளவு ஆட்டெரு அல்லது மாட்டெரு. நன்கு மக்கியதாக இருக்கட்டும். பச்சைச் சாணம் வேரைச் சுடும், கறையானையும் அழைக்கும். அடியைச் சுற்றிச் சீமைக்கிளுவை இலை, தென்னந்தும்பு, உலர்ந்த பனையோலைத் துண்டு ஆகியவற்றைப் பரப்பினால் பாதித் தண்ணீர் மிச்சம். தண்டில் முட்டாமல் நாலு விரல் தள்ளிப் பரப்பவும். யூரியாவை அள்ளிப் போட்டால் செடி கொழுத்து இலையாய் நிற்கும், அழுக்கணவனுக்கு விருந்தாகும், பூ குறையும். 2021 இல் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தியபோது நாடெங்கும் விவசாயிகள் பட்ட பாடு நினைவிருக்கும். வளவின் மூலையில் எருக்கிடங்கு வைத்திருந்தவர்கள் வீட்டுத் தோட்டத்தையாவது காப்பாற்றிக்கொண்டார்கள்.

வெட்டினால்தான் பூக்கும்

வாடிய பூவைச் செடியில் விடாதீர்கள். விட்டால் காய் பிடிக்கும்; செடி தன் வேலை முடிந்தது என்று தளிர்விடுவதைக் குறைத்துவிடும். பூவுக்குக் கீழே ஐந்து சிற்றிலை கொண்ட முதல் நல்ல இலைக்குச் சற்று மேலே வெட்டுங்கள். அந்த இலைக்கக்கத்தில் இருந்து புதுத் தளிர் வரும். அது எங்கள் சூட்டில் ஏறத்தாழ ஆறு ஏழு கிழமையில் பூக்கும்.

ஆண்டுக்கு ஒருமுறை, மாரி தொடங்குகையில், காய்ந்த தண்டு, நோய்த் தண்டு, உள்நோக்கி வளரும் தண்டு ஆகியவற்றை அடியோடு நீக்கி, மற்றவற்றை மூன்றில் ஒரு பங்கு குறைக்கவும். வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்கு மேலே வெட்டினால் செடி விரிந்து, காற்றும் வெயிலும் உள்ளே போகும்.

இந்தக் கணக்கைப் பிடித்துவிட்டால் வேண்டிய நாளுக்குப் பூ எடுக்கலாம். நத்தாருக்குப் பூ வேண்டுமா? நவம்பர் முதற் கிழமையில் வெட்டுங்கள். தைப்பொங்கலுக்கு நவம்பர் கடைசியில். ஓகஸ்ட் 15 மடுத் திருவிழாவுக்கு யூன் கடைசியில். மழைக்கும் வெயிலுக்கும் ஏற்ப நாலைந்து நாள் முன்பின் ஆகும். ஆகவே எல்லாச் செடியையும் ஒரே நாளில் வெட்டாமல் மூன்று நாள் இடைவிட்டு வெட்டுவது புத்தி.

பூச்சியும் நோயும்

கரும்புள்ளி: மாரியில் இலையில் கறுத்த வட்டப் புள்ளி விழும், சுற்றி மஞ்சளாகி உதிரும். இது பங்கசு நோய். புள்ளி விழுந்த இலைகளையும் உதிர்ந்தவற்றையும் பொறுக்கி எரிக்கவும். எருக்கிடங்கில் போட வேண்டாம். செடிகளுக்கு இடையே காற்று போகட்டும்.

சாம்பல் நோய்: இளந்தளிரில் மாப்பூசியது போல் இருக்கும். பாதித்த நுனியைக் கிள்ளி எரிக்கவும். நிழல் மிகுந்தால் இடம் மாற்றவும்.

அழுக்கணவன்: மொட்டிலும் தளிரிலும் கூட்டமாய் மொய்த்துச் சாறு குடிக்கும். காலையில் தண்ணீரை விசிறி அடித்தாலே பெரும்பாலும் போய்விடும்.

பனிப்பூச்சி, வெண்மூட்டுப்பூச்சி: வேப்பங்கொட்டைப் பருப்பு 50 கிராமை இடித்து ஒரு லீற்றர் தண்ணீரில் இரவு முழுவதும் ஊறவைத்து, துணியில் வடித்து, சிறிது சவர்க்காரம் கரைத்து, பின்னேரத்தில் இலையின் அடிப்பக்கமும் படும்படி தெளிக்கவும். கிழமைக்கு ஒருமுறை, மூன்று தடவை.

இலையில் காசளவு வட்டமாய் வெட்டுப்பட்டிருந்தால் பயப்பட வேண்டாம். ஒரு தேனீ இனம் கூடு கட்ட எடுத்துப் போயிருக்கிறது. அது பூசணிக்கும் பாகலுக்கும் மகரந்தம் காவும் நண்பன்.

வெங்காயத்துக்கு அடித்து மிஞ்சிய மருந்தை ரோசாவுக்கு ஊற்றும் பழக்கத்தை விடுங்கள். பூவைப் பிள்ளைகள் முகர்ந்து பார்ப்பார்கள்; தலையில் வைப்பார்கள். முள் ஆழமாய்க் குத்தினால் சவர்க்காரமிட்டுக் கழுவி, ஏற்பு ஊசி போட்டு எத்தனை ஆண்டு என்று விசாரித்து, தேவையானால் மருந்தகத்துக்குப் போங்கள்.

கைக்குக் கொஞ்சம் காசு

இரண்டு செடி மனதுக்கு. பன்னிரண்டு செடி மடிக்கு. பன்னிரண்டு செடி வைத்திருப்பவர் கிழமைக்கு இரண்டாக வெட்டிக்கொண்டு வந்தால் ஆறு கிழமையில் ஒரு சுற்று முடியும். அதற்குள் முதல் வெட்டிய இரண்டும் பூத்துவிடும். இப்படிக் கிழமை தவறாமல் கொஞ்சமாவது பூ கையில் இருக்கும். பூவை விடியற்காலையில், மொட்டு அரைவாசி விரிந்த நிலையில் பறித்து, ஈரத்துணியால் மூடிய கடகத்தில் வைக்கவும்.

தனியே ஒருவர் ஒரு கைப்பிடிப் பூவோடு சந்தைக்குப் போனால் பஸ் காசும் மிஞ்சாது. ஐந்தாறு வீட்டுப் பெண்கள் சேர்ந்து ஒருவர் கொண்டுபோவதாக முறை வைத்துக்கொண்டால் கட்டும். உதிரிப் பூவை விட மாலை கூட விலைபோகும். வேர்பிடித்த தடி அதைவிடக் கூட விலைபோகும். வரவு செலவை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். பெரிய வருமானம் என்று சொல்லமாட்டோம். ஆனால் அது வீட்டுத் தலைவியின் கையில் நேரே விழும் காசு.

"நட்டால் இங்கேயே இருக்கச் சொல்லுவினம்"

இதை எழுதாமல் விடமுடியாது. பல ஆண்டுகளாக ஒரே இடத்தில் இருந்தும் வாழைகூட வைக்காத குடும்பங்கள் உண்டு. சோம்பல் என்று வெளியார் நினைப்பார்கள். கேட்டால், "நிரந்தரமாய் ஒண்டை நட்டால், இவை இங்கை பழகியிட்டினம், இனிக் காணி தேவையில்லை எண்டு சொல்லுவினம்" என்கிறார்கள். காணி உரிமைக்காகக் காத்திருப்பவரின் இந்தப் பயம் நியாயமானது. காணிக்காரர் நாளை என்ன சொல்வாரோ என்ற பயமும் கூடவே உண்டு.

பபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்ட மக்களுக்கு எரேமியா இறைவாக்கினர் எழுதிய கடிதம் திருமறையில் இருக்கிறது. அவரது நூலின் 29 ஆம் அதிகாரம். தோட்டம் இடுங்கள், அதன் பலனை உண்ணுங்கள் என்று அந்த அந்நிய மண்ணில் இருந்தவர்களுக்கு அவர் சொன்னார். அதே கடிதத்தில், நீங்கள் சொந்த இடம் திரும்புவீர்கள் என்ற வாக்கும் இருக்கிறது. தோட்டம் இட்டதால் திரும்பும் உரிமை போய்விடும் என்று அவர் சொல்லவில்லை.

நடைமுறையில் இரண்டு காரியம் செய்யுங்கள். காணிக்காரரிடம் முன்கூட்டியே கேட்டு, செடி உங்களுடையது, போகும்போது கொண்டு போவோம் என்று பேசிக்கொள்ளுங்கள். சொந்தக் காணியின் உறுதி, வரைபடம், விட்டுவந்த மரங்களின் பட்டியல் ஆகியவற்றைப் பத்திரமாக வைத்திருங்கள். அந்தப் பட்டியலில் ரோசாவையும் எழுதுங்கள்.

கூட்டத்தில் கேட்ட அந்தத் தாய்க்கு அயலில் ஒரு வளவில் இருந்து ஐந்து தடி எடுத்துக் கொடுத்தோம். மூன்று காய்ந்துபோயின. இரண்டு பிடித்தன. ஒன்றை இருக்கிற வீட்டுக்காரிக்குக் கொடுத்துவிட்டார்; "அவவின்ரை தண்ணியிலைதானே வளந்தது" என்றார். மற்றது உரப்பையில், இரண்டு கல்லின் மேல் நிற்கிறது. காணி விடுபட்டால் அதைக் கிணற்றடியில் எந்தப் பக்கம் வைப்பது என்று இப்போதே இடம் பார்த்து வைத்திருக்கிறார்.

குழுவில் கலந்து பேச:

1. நாங்கள் விட்டு வந்த வளவில் நின்ற பயன்தரு மரங்கள் எவை? பட்டியல் எழுதி வைத்திருக்கிறோமா?

2. எங்கள் கிராமத்தில் பலமுறை பூக்கும் ரோசா எந்த வீடுகளில் நிற்கிறது? வரும் ஐப்பசியில் யார் யாருக்குத் தடி பகிரலாம்?

3. பிறர் காணியில் இருப்போரும் காணிக்காரரும் தோட்டம் பற்றி மனத்தாங்கல் இல்லாமல் பேசிக்கொள்ள எங்கள் குழு என்ன செய்யலாம்?